இறக்கத்துல எதுக்கு பெட்ரோல்

"கூட ஜென்ட்ஸ் யாராவது வர்றாங்களா மேடம்?"

ஜவ்வாது மலையில் டென்ட் போட இடம் விடுகிற ஆள் போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். எத்தனை நாள், சாப்பாடு வேணுமா, ஒண்ணும் கேட்கவில்லை.

"இல்ல சார். நானும் என் ஃப்ரெண்டும். ரெண்டு பேரும் லேடீஸ்தான்."

"அப்ப கஷ்டம் மேடம். சேஃப்டி பாக்கணும்ல. ஒரு ஜென்ட்ஸ் இருந்தா சொல்லுங்க, புக் பண்ணிடலாம்."

"ஐம்பத்தெட்டு வயசு சார். சுகர் இருக்கு. பத்து படி ஏறினா மூச்சு வாங்கும். பரவாயில்லையா?"

"ஜென்ட்ஸ்தானே மேடம். பரவால்ல."

அப்படித்தான் எங்கப்பா கோதண்டபாணி எங்களோட கிளம்பினார்.

கார் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் மயிலாப்பூர் ஹவுசிங் போர்டில் யாரைக் கேட்டாலும் அது கோதண்டபாணி கார் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தரமணியில் நாலு வருஷம் வேலை பார்த்த பிறகு, போன ஆகஸ்டில் செகண்ட்ஹேண்டில் எடுத்தேன். லைசென்ஸுக்கு எட்டு போட்டபோது முதல் தடவையே பாஸ். ஆனால் வண்டி வந்த அன்றைக்குச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியபோது ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது அப்பா. இறங்கும்போது சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதோடு சரி. முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவரிடம் போய் சாவி கொடு என்று எப்படிக் கேட்பது என்று அம்மா கேட்டாள். கீழ் வீட்டுக் கருணாகரன் மாமாவின் தங்கை வளைகாப்புக்குக் கார் போனது. யாரோ ஒருவரின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று கார் போனது. நான் பஸ்ஸில் போனேன்.

"டிராஃபிக்ல உனக்கு வராதும்மா. ஞாயித்துக்கெழம பீச் ரோட்ல ஒரு ரவுண்டு அடிக்கலாம்" என்பார். அந்த ஒரு ரவுண்டிலும் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் கிளட்ச் என்று கத்துவார்.

அதனால்தான் மலை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"நானே மலை ஏத்தறேன். நானே எறக்கறேன். நானே வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன். ஒரு கீறல் இல்லாம வந்துட்டா சாவி எங்கிட்ட. அப்புறம் நீ கேக்கக் கூடாது."

அப்பா சிரித்தார். "பந்தயமா?"

"பந்தயம்தான்."

"சரி, பாக்கலாம்" என்றார். அம்மா முனியம்மாள் சாட்சி. கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தாள்.

என்னோடு வந்தது இஃப்ரா. ஆபீஸில் என் பக்கத்து சீட், வீடு வேளச்சேரி. டென்ட் அவள் அண்ணன் ஷரஃபுதீனுடையது. வாங்கினதிலிருந்து பிரிக்காத டென்ட். "சிந்துவோட அப்பா வர்றாரு" என்று என் பேரைச் சொன்னதும்தான் அவள் வீட்டிலும் சரி என்றார்களாம். ஆக, அப்பா ரெண்டு இடத்தில் கேட் பாஸாக இருந்தார். எனக்கு எரிச்சல் ரெண்டு மடங்கானது.

ரங்கநாதன் தெருவுக்குப் போய் தார்ப்பாய், ரெண்டு டார்ச், ஆளுக்கொரு கம்பளி வாங்கினோம். சின்ன கேஸ் அடுப்பு அம்மா கொடுத்தாள். கூடவே புளிசோறு, பன்னிரண்டு அவிச்ச முட்டை, பொரித்த நெத்திலிக் கருவாடு, ஒரு கேன் தண்ணி, அந்தத் தண்ணி பத்தாவிட்டால் இன்னொரு கேன் தண்ணி. அப்பா தன் பங்குக்கு டிக்கியில் ஒரு செங்கல்லை வைத்தார்.

"இன்னாத்துக்குப்பா செங்கல்லு?"

"டயருக்கு அண்டை குடுக்க. மலையில வண்டி உருண்டா இன்னா பண்ணுவே?"

"ஹேண்ட் பிரேக் போடுவேன்."

"போடு போடு. நான் கல்லு வெக்கறேன்."

சனிக்கிழமை காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். கத்திப்பாரா, பூந்தமல்லி, வாலாஜா, ஆற்காடு, ஆரணி. முழுக்க நான்தான் ஓட்டினேன். ஓட்டினேனே தவிர, வழியில் ஒருத்தருக்கும் நான் கண்ணில் படவில்லை. பெட்ரோல் பங்கில் என் ஜன்னல் திறந்திருக்க, பையன் சுற்றிக்கொண்டு போய் அப்பாவிடம் "எவ்ளோக்கு சார்?" என்றான். போளூர் தாண்டி ஃபாரஸ்ட் செக்போஸ்டில் காவலுக்கு நின்றவர் குனிந்து, என் மூக்குக்கு முன்னால் கையை ஆட்டி, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி யாருது சார்?"

"நம்மளுதுதான்" என்றார் அப்பா.

பின்சீட்டில் இஃப்ரா இருமுவது போலச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மலை ஏறும்போது நன்றாகவே ஓட்டினேன். ரெண்டாவது கியர், வளைவுக்கு முன்னால் ஹார்ன், எதிரே வருகிற வண்டிக்கு வழி விடுகிற மாதிரி ஓரம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொன்னது ஒவ்வொன்றும் கைக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவின் வலது கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மேலே போய் நிறுத்தினபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது. பயமில்லை. ஸ்கூல் படிக்கும்போது ரிசல்ட் போர்டில் நம்பரைப் பார்த்துவிட்டு வெளியே வருவோமே, அந்த மாதிரி இருந்தது.

இறங்கினதும் அப்பா டிக்கியைத் திறந்து செங்கல்லை எடுத்தார்.

இடம் நல்ல இடம்தான். சாமை அறுத்த காடு, பக்கத்தில் ஒரு ஓடை, பின்னால் பலாமரங்கள். இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து அப்பாவுக்கு மட்டும் வணக்கம் சொன்னார். டென்ட்டைப் பிரித்தால் எது கால், எது தலை என்று தெரியவில்லை. யூடியூப் பார்க்கலாமென்றால் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் மல்லாடினோம். ரெண்டு தரம் இஃப்ரா தலைமேல் விழுந்தது. மூணாவது தரம் நின்றது, கொஞ்சம் சாய்ந்தபடி.

"எங்கண்ணன் மாதிரியே நிக்குது" என்றாள் இஃப்ரா.

சாயந்திரம் ஆறு மணிக்கே குளிர் இறங்கிவிட்டது. அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டேன். ஆளுக்கு மூணு முட்டை. புளிசோற்றை அப்படியே டப்பாவிலிருந்து கையால் எடுத்துத் தின்றோம். அந்தக் குளிரில் நெத்திலி கருவாடு போல ருசி உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. அப்பா ஸ்வெட்டர் கொண்டு வரவில்லை. கேட்டால், ஐப்பசி மழையிலே ஆட்டோ ஓட்டினவன் என்றார். பல் தந்தியடித்தது. இஃப்ரா தன் சால்வையைக் கொடுத்தாள். பூப்போட்ட ரோஸ் கலர் சால்வை. அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"தோ பார்றா. இவ்ளோவா கீது" என்றார், நட்சத்திரங்களை.

"மெட்ராஸ்லயும் இதேதான் அங்கிள் இருக்கு. நமக்குத்தான் தெரியல."

"நமக்கு எங்கம்மா, மேல பாத்தா முன்னாடி போறவன் மேல இட்சிடுவோம்."

எனக்கே சிரிப்பு வந்தது. அந்த அரை மணி நேரம் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. பொய் சொல்லக் கூடாது. டென்ட்டில் நாங்கள் ரெண்டு பேரும் படுத்தோம். அவர் ஆட்டோவில் படுக்கிற மாதிரியே காரின் பின்சீட்டில் மடங்கிப் படுத்து, காலை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியை இறக்க வேண்டுமே என்று சாவியை நான்தான் கையில் கொடுத்தேன்.

காலையில் டென்ட்டை மடக்கிக்கொண்டு வந்தால் டிரைவர் சீட்டில் அப்பா. சால்வை மடித்து டேஷ்போர்டு மேல். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்குப்பா."

"ஏத்தறத யாரு வோணா ஏத்துவாங்கம்மா. எறக்கறதுதான் வேலை. நீ குந்து."

"பந்தயம் இன்னா ஆச்சு?"

"பந்தயம் கெடக்கட்டும். ஒருத்தர் வூட்டுப் பொண்ண நம்பி அனுப்பிகீறாங்க. அத்த பத்ரமா கொண்டுபோய் வுடணுமா வாணாமா?"

பேச்சில் இஃப்ராவை இழுத்துவிட்டார். அவள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் முன்னால் அப்பாவோடு மல்லுக்கு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். தப்பு என்னுடையதும்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

நாலு வளைவு ஒழுங்காக இறங்கினார். அஞ்சாவது தாண்டினதும் திடீரென்று காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. குருவி கத்துவதுகூடக் கேட்டது. எனக்குப் புரிய ரெண்டு வினாடி ஆனது. கியர் நியூட்ரலில் இருந்தது. எஞ்சின் இல்லை.

"ஏம்பா ஆஃப் பண்ணே?"

"எறக்கத்துல எதுக்கு பெட்ரோலு? அதுவா போவும்."

ஆட்டோக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. மேம்பாலம் ஏறி முடித்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். முப்பது வருஷமாக அவர் இறங்காத மேம்பாலம் இல்லை. ஆட்டோவுக்கு அது சரி. எஞ்சின் நின்றால் காருக்கு ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் ரெண்டு மிதி தாங்கும், மூணாவது மிதிக்குக் கல்லாகிவிடும். மாஸ்டர் எங்களுக்கு முதல் வாரமே சொன்ன விஷயம்.

"ஸ்டார்ட் பண்ணுப்பா. பிரேக் புடிக்காது. ஸ்டார்ட் பண்ணு."

"சும்மா கத்தாத. நான் பாத்துக்..."

கீழே வளைவில் அரசு பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அப்பா பிரேக்கை மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. இன்னொரு தரம் மிதித்தார். அப்புறம் ரெண்டு காலையும் வைத்து மிதித்தார், எழுந்து நிற்கிற மாதிரி. வண்டி வேகமாகத்தான் போனது. பின்னால் இஃப்ரா சத்தமில்லாமல் என் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் என் தோளில் பதிந்தன.

"லெஃப்ட்ல ஒடி. மலைப் பக்கம் ஒடி" என்று சொல்லிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுற்றும். பட்டனை அமுக்கிக்கொண்டு, விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அப்பா உடம்பு மொத்தத்தையும் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். இடது சக்கரம் ரெண்டும் ஓரத்து வாய்க்காலில் இறங்கின, கதவு பாறையை உரசிக்கொண்டே போனது, சைடு மிரர் பிய்ந்தது, வண்டி நின்றது. பஸ் எங்களைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கமாகப் போனது. ஜன்னலில் ஒரு குழந்தை கையாட்டிக்கொண்டு போனது.

இஃப்ரா கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து, காலையில் குடித்த டீயை வாந்தி எடுத்தாள்.

நான் அப்பாவை இறங்கச் சொன்னேன். இறங்கினார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் ஆனது. வாய்க்காலிலிருந்து ஏற்றப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பைக்கில் ரெண்டு பேர் வந்து நிறுத்தினார்கள். முப்பது வயசு இருக்கும். ஒருத்தர் வண்டியைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்த என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம் போனார்.

"இன்னாண்ணே இது. மலை ரோட்டுல போயி பொண்ணு கையில வண்டியக் குடுக்கலாமா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இன்னா பண்றது நைனா. சொன்னா எங்க கேக்குது."

வாய்க்காலில் விழுந்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு பற்றிக்கொண்டு எரியவில்லை. இறங்கினேன்.

"ஓட்டினது நான் இல்ல" என்றேன். "இவரு. எஞ்சின ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல போட்டு எறக்கினாரு. பெட்ரோல் மிச்சம் பண்றாராம். இவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். நான் ஹேண்ட் பிரேக் இழுக்கலன்னா இந்நேரம் நீங்க கயிறு கட்டி எங்கள மேல தூக்கினு இருப்பீங்க."

"ஆஃப் பண்ணீங்களா?" என்று அந்த ஆள் அப்பாவைக் கேட்டார்.

அப்பா துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"சரி வுடும்மா" என்றார் இன்னொருத்தர். "பெரியவரு. ஏதோ தெரியாம பண்ணிட்டாரு."

பொண்ணு ஓட்டினால் வண்டியை ஏன் கொடுத்தாய் என்று கேள்வி. பெரியவர் ஓட்டினால் விடும்மா. "வுடறேன்" என்றேன். "நீங்க கொஞ்சம் பின்னாலேருந்து தள்ளுங்க."

மூணு பேரும் தள்ளினார்கள். ஃபர்ஸ்ட் கியரில் ஏறிவிட்டது. அப்பா தானாகவே பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். இஃப்ரா முன்னால் வந்தாள். ரெண்டாவது கியரிலேயே, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, ஒவ்வொரு வளைவாக இறக்கினேன். ஆரணியில் டீ குடிக்க நிறுத்தினபோது அப்பா இறங்க மாட்டேன் என்றார். இஃப்ரா அவருக்கு டீ கொண்டு போய் கொடுத்தாள். அவளிடம் வாங்கிக் குடித்தார். ஸாரி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை.

அவளை வேளச்சேரியில் விட்டுவிட்டு, வீட்டு வாசலில் நிறுத்தினபோது மணி அஞ்சு. அப்பா இறங்கி என் பக்கம் வந்து கையை நீட்டினார். வேண்டுமென்று நீட்டவில்லை, பழக்கம். நான் சாவியை ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தேன். நீட்டின கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டு படியேறினார்.

அம்மா கதவின் கீறலைப் பார்த்தாள். கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைத்தான் திட்டினாள்.

"ரோட்ல போறவன் முன்னாடி பெத்த அப்பன அசிங்கப்படுத்துவியா? போய் ஒரு வார்த்த மன்னிச்சுக்கோன்னு சொல்லு."

"அவரு மொதல்ல இஃப்ராகிட்ட சொல்லட்டும். அப்புறம் எங்கிட்ட சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

"அந்தாளு யாருகிட்டடீ சொல்லிகீறாரு, என் கல்யாணத்துலேருந்து?"

"தெரியும்" என்றேன்.

உள்ளே அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நானே காரை எடுத்துக்கொண்டு தரமணிக்குப் போனேன். ஒரு பக்கம் மிரர் இல்லை. அடையாறு பாலத்தில் ஆரம்பித்த நெரிசல் ஆபீஸ் வாசல் வரைக்கும் விடவில்லை. ஒண்ணேகால் மணி நேரம். வழக்கமான ஏழு மணி பஸ்ஸில் போயிருந்தால் நெரிசலுக்கு முன்னால் முக்கால் மணியில் போயிருப்பேன். செவ்வாய்க்கிழமையும் காரில்தான் போனேன்.