மெர்ட்டன்வில்லில் வீடு திரும்பிய பிஸ்கட்டுகள்

இயோவா மாநிலத்தில் உள்ள எங்கள் மெர்ட்டன்வில்லில், குப்பைத்தொட்டியில் எறியப்பட்ட இஞ்சி பிஸ்கட்டுகள் முதன்முதலாக எழுந்து வீட்டுக்கு நடந்தது எழுபத்தொன்றாம் ஆண்டு நவம்பர் முதல் தேதி காலை, பள்ளிப் பேருந்து வருகிற நேரத்தில். பூனை வடிவப் பிஸ்கட்டுகள் நாலு காலில் முன்னால் போயின. பேய் வடிவங்களுக்குக் கால் இல்லாததால் அவை வழுக்கிக்கொண்டு போயின. வௌவால்கள் பறந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றைச் செய்த வெர்னா ஸ்லேடெக் மாவைத் தடிமனாகத் தேய்ப்பவள், ஆகவே அவை சிறகு நுனியை ஊன்றித் தவழ்ந்தன. கடைசியாகச் சோளப்பொரி உருண்டைகள், சுற்றியிருந்த மெழுகுத்தாள் சரசரக்க, உருண்டு வந்தன. பேருந்து ஓட்டுகிற டுவைட் வண்டியை நிறுத்தி, பிள்ளைகள் இறங்கும்போது நீட்டுகிற சிவப்புப் பலகையை நீட்டி, அவை தெருவைக் கடக்கும்வரை காத்திருந்தான். ஏன் தாமதம் என்று பள்ளியில் கேட்டதற்கு, ரோட்டில் கூட்டம் என்றான். எங்கள் ஊரில் அன்றைக்குச் சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.

வெர்னாவை நல்லவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாய் அப்படி. பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் எல்லாருக்கும் கேட்கும்படி கொட்டாவி விடுவாள். புருஷன் ஓட்டோ, குளிருக்குச் சூடான காற்று வருகிற தகரக்குழாயை வீடுகளுக்கு மாட்டுகிறவன். மிஞ்சிய தகரத்தில் அவளுக்குப் பூனை, பேய், வௌவால் அச்சுகள் வளைத்துக் கொடுத்துவிட்டு அறுபத்தாறில் செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அவள் கதவை ஆட்கள் தட்டியது வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம், அக்டோபர் கடைசி நாளான ஹாலோவீன் அன்று. வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வேஷம் கட்டி வந்து மிட்டாய் கேட்கலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது வழக்கம். வெர்னா அந்த விளக்குக்காகத்தான் உயிரை வைத்திருந்தாள். வேறு எதற்கு வைத்திருப்பாள், மெர்ட்டன்வில்லுக்காகவா? கரும்புப்பாகும் இஞ்சிப்பொடியும் பட்டையும் கிராம்பும் போட்டு மாவு பிசைந்து முந்தின நாளே குளிரில் வைப்பாள். உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, சுடச்சுடப் பாகு ஊற்றிய பொரியை ஆறுவதற்குள் உருண்டை பிடிப்பாள். ஆறினால் உருண்டை நிற்காது, அவசரப்பட்டால் கையில் தோல் நிற்காது. பூனைகளுக்கு மட்டும் கருப்புச் சர்க்கரைப் பூச்சு. அதைத் தின்றால் நாக்கு ஒரு வாரம் கறுத்துக் கிடக்கும். நவம்பர் பிறந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒருவருக்கொருவர் கறுத்த நாக்கைத் துருத்திக் காட்டித் திரிந்த காலம் ஒன்று இருந்தது.

அதைக் கெடுத்தவள் மார்சீன் ஹாக்ஸ்டெட், பல் டாக்டரின் மனைவி. அந்த டாக்டர், ஹாலோவீனுக்கு வரும் பிள்ளைகளின் பையில் பல் தேய்க்கும் பிரஷ் போடுகிற மகானுபாவர். கல்யாணமான நாளிலிருந்து தன் வீட்டுக்குள் சர்க்கரையை விடாதவர். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தி பாகில் தோய்த்த ஆப்பிளுக்குள் ஊசி வைத்தாள் என்று மார்சீன் கேள்விப்பட்டாள். எந்த ஊர், எவள், எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தேவாலயத்தில் கூட்டம் போட்டு, தொழிற்சாலையில் உறையிட்டு ஒட்டிய மிட்டாய் மட்டுமே பத்திரம் என்று கை தூக்கினார்கள். முகமே தெரியாத தொழிற்சாலைக்காரன் யோக்கியன். தங்கள் கல்யாணத்துக்குக் கேக் செய்துகொடுத்த வெர்னாதான் சந்தேகத்துக்குரியவள். சரி, அதையாவது அவள் முகத்துக்கு நேரே சொன்னார்களா? அதற்குத் துப்பு வேண்டுமே! வழக்கம்போலப் பிள்ளைகளை அனுப்பினார்கள், கூடவே போய் நின்றார்கள், ஐயோ என்ன அழகு என்று கன்னத்தில் கை வைத்தார்கள், வீட்டுக்கு வந்து குப்பையில் கொட்டினார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே இதில் பங்கில்லை. இருந்திருந்தால் நானும் கொட்டியிருப்பேன், சந்தேகம் வேண்டாம்.

பிஸ்கட்டுகள் வெர்னாவின் வாசற்படியில் ஏறிப் படுத்துக்கொண்டன. எது எவர் வீட்டு வாசல் வழியாக வெளியே வந்தது என்பதை அவள் சன்னலில் நின்று பார்த்துவிட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிளான்ச் வூல்சி, கோழித் தீவனக் கடைக்காரன் மனைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு ருசி வெர்னா! ஒரே நாள்ல தீந்துபோச்சு போ."

"ஆமா, மறுநாள் காலைல என் வாசல்ல வந்துதான் தீந்துச்சு. உன் வீட்டு வௌவாலுக்கு மூச்சு வாங்குது, பாவம்."

பிளான்ச் சிரித்தாள். எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் சிரிப்பார்கள், பிறகு வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

அடுத்த வருஷம் எறியாமல் இருந்தார்கள் என்று நினைத்தீர்களா? குப்பைத்தொட்டி மூடிமேல் செங்கல் வைத்தார்கள். பிஸ்கட்டுகள் செங்கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தன. பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் எச்சில் அரைக்கிற எந்திரத்தில் போட்டு அரைத்துப் பார்த்தான் பிளான்ச்சின் புருஷன். தூள்கள் எறும்பு வரிசையாகச் சாக்கடைக் குழாயிலிருந்து ஏறி வந்து, படியில் சேர்ந்து மறுபடி பூனையாயின. நகரசபை கூடி, நவம்பர் முதல் தேதி காலையில் நடக்கும் பண்டங்களுக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எறிவதை நிறுத்தலாம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. பிறகு ஹாலோவீன்தோறும் மார்சீன் நகரசபை முற்றத்தில் சோதனை மேஜை ஒன்று போட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் பைகளைக் கவிழ்த்து, வெர்னாவின் பண்டங்களை மட்டும் பொறுக்கித் தன் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனாள். அதன்பிறகு ஊர்வலம் முழுவதும் பல் டாக்டர் வீட்டிலிருந்தே புறப்பட்டது. ஊர்க்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. பாவம் ஒரே விலாசத்துக்கு மாறிவிட்டதல்லவா. திரும்பி வந்ததை வெர்னா டப்பாக்களில் அடுக்கி, குளிர்காலம் முழுக்கக் காபியில் தோய்த்துத் தனியாகத் தின்றாள். அவை ஊசிப்போகவில்லை. அவளுக்குத்தான் வயிறு எரிந்தது.

எண்பத்துமூன்றில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, மாவுக்கட்டையைப் பிடிக்க முடியாமல் போயிற்று. அக்டோபரில் மளிகைக் கடையில், கரும்புப்பாகு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மார்சீன், நல்லாக் கேட்டுக்க. இந்த வருஷமும் அத்தனையும் திரும்பி வந்துச்சுன்னா வாசல் விளக்க அணைச்சிருவேன். அப்புறம் சாகுற வரைக்கும் போட மாட்டேன்."

"நல்ல முடிவுதான் வெர்னா. உனக்கும் கை வலி. எங்களுக்கும் சங்கடமில்ல."

"என்னடி சங்கடம் உங்களுக்கு?"

"உன் வீட்டத் தாண்டிப் போக முடியல, வாங்கிட்டு எறியவும் மனசு கேக்கல."

"எறியுற கைக்கு மனசு வேறயா?"

கடையில் இருந்தவர்கள் ரொட்டியின் விலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது, வேண்டாம் வெர்னா, விளக்கை அணைக்காதே என்று சொல்லியிருக்கலாம். தூ!

அந்த வருஷம் அவள் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு செய்தாள். பூனைக்குப் பூனை மீசை வைத்தாள். நவம்பர் முதல் தேதி காலை, ஊரே காபிக் கோப்பையோடு சன்னலில் நின்று, அணையப்போகும் விளக்கை வேடிக்கை பார்த்தது. டுவைட் பலகையை நீட்டினான். ஊர்வலம் வந்தது. வெர்னா படியில் உட்கார்ந்து, வந்தவற்றை ஒவ்வொன்றாக அவை வெந்த தட்டிலேயே அடுக்கினாள். பூனைத் தட்டில் ஓரிடம் காலியாகவே இருந்தது. மத்தியானம்வரை காத்திருந்தாள். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு பல் டாக்டர் வீடுவரை நடந்து, சாக்கடையோரம் குனிந்து பார்த்துக்கொண்டே திரும்பினாள். நாய் கவ்வியிருக்கும் என்றாள் பிளான்ச். அப்படியென்றால் அந்த நாய்க்கு ஒரு கும்பிடு என்றாள் வெர்னா. அன்று மாலை விளக்கைப் போடவும் இல்லை, அதன் பல்பைக் கழற்றவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் மார்சீன். அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினாள். பாதிரியார் விடவில்லை, உங்கள் குரல் இல்லாமல் எப்படி என்று கெஞ்சினார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். நாக்கு அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. உச்சஸ்தாயியில் அது முழுவதும் தெரிந்தது. பல் டாக்டர் முன்வரிசையில்தான் இருந்தார். வாய் பார்த்தே பிழைக்கிற மனிதர், அன்றைக்குத் தன் காலணியைப் பார்த்தார். சபை மொத்தமும் பார்த்தது, சபை மொத்தமும் ஆமென் சொன்னது. வெர்னா அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை. வீட்டுக்குப் போய், பழைய பல்பைக் கழற்றி, இன்னும் வெளிச்சமான ஒன்றை மாட்டினாள்.

அடுத்த ஹாலோவீன் சாயங்காலம், சோதனை மேஜை திறப்பதற்கு முன்பே, பூப்போட்ட படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திய ஒரு பேய் வெர்னாவின் கதவைத் தட்டியது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. கீழே தெரிந்த ஊதா நிறக் காலணியை ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"யாரு நீ?"

"பேய்."

"பேயா? இவ்வளவு தடிச்ச பேய் நம்ம ஊர்ல ஏது?"

"சும்மா குடு வெர்னா, யாராவது பாத்துரப் போறாங்க."

"பேய்க்கு என் பேரு எப்படித் தெரியும்?"

பேய் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது. பிறகு, "பூனை இருக்கா?" என்றது.

வெர்னா இரண்டு பூனைகளை நீட்டினாள். "வீட்டுக்குக் கொண்டுபோற வேலையெல்லாம் வேணாம். என் கண்ணு முன்னால தின்னு."

பேய் விரிப்பை மூக்குவரை தூக்கிக்கொண்டு, விளக்கடியிலேயே நின்று, காலிலிருந்து தலைவரை இரண்டையும் தின்றது. விரலையும் நக்கிக்கொண்டது.

"எப்படி இருக்கு?"

"இஞ்சி தூக்கலா இருக்கு. எப்பவுமே தூக்கல்தான்."

பதின்மூன்று வருஷத்தில் அந்த வாசலில் நின்று ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. வெர்னா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அடுத்த தடவை குறைச்சுப் போடுறேன்டி" என்றாள்.

மார்சீன் விரிப்பை மடித்துப் பைக்குள் திணித்து, நேரே நகரசபை முற்றத்துக்குப் போய், கையுறையை மாட்டி, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு வெர்னாவின் பிஸ்கட்டுகளைப் பொறுக்கி எறிய ஆரம்பித்தாள். மறுநாள் காலை அவை வழக்கம்போலப் பல் டாக்டர் வீட்டிலிருந்து புறப்பட்டன. பூனைத் தட்டில் இரண்டு இடம் காலி. டுவைட் பலகையை நீட்டி நிறுத்தி, கடைசிப் பொரி உருண்டை கடந்ததும் வண்டியை எடுத்தான்.