பூமத்திய ரேகைக்கு நல்ல நேரம்

பூமத்திய ரேகையைத் தாண்டுவதற்கு நல்ல நேரம் பார்த்த குடும்பம் உலகத்திலேயே தன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும் என்று குந்தவைக்கு எரிச்சலாக வந்தது. மன்னார்குடி ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் என்று குறித்துக் கொடுத்துவிட்டாராம். அப்பா துரைக்கண்ணு அதைச் செயற்கைக்கோள் போனில் சொன்னபோது, விதை விட நாள் குறித்துச் சொல்லும் அதே குரலில் சொன்னார். நாற்றங்கால் ஆனாலும் நடுக்கடல் ஆனாலும் அவருக்கு நேரம் நேரம்தான்.

“காத்து ஜோசியரைக் கேட்டுக்கிட்டு அடிக்காதுப்பா” என்றாள். அவர் சிரித்தார். கோயில் வாசலில் பந்தல் போட்டு, பூஜை முடிந்ததும் ஊருக்குச் சாப்பாடு போடப் போவதாகவும், அந்த நேரத்தில் தானே அவளைக் கூப்பிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார்.

குந்தவை சரக்குக் கப்பலில் அதிகாரி. பெரிய கப்பலில் அவள் அந்த ரேகையைத் தாண்டாத வருஷம் கிடையாது. ஆனால் அது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டுகிற மாதிரி. தன் கையால் பாயை ஏற்றி இறக்கி, காற்றை மட்டும் நம்பி, தனியாகத் தாண்ட வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. அதற்காகத்தான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, கொச்சியில் ஒரு பழைய சின்னப் பாய்ப்படகை வாங்கி, சுரண்டிப் பூசி, மொரீஷியஸுக்குக் கிளம்பியிருந்தாள்.

கொச்சியில் அவள் சேர்ந்திருந்த படகுச் சங்கத்தின் சுவரில் ஒரு தேக்குப் பலகை உண்டு. எஞ்சினைத் தொடாமல் தனியாக ரேகையைத் தாண்டியவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கும். கிளம்பும் நாளில் சங்கச் செயலாளரே படகில் ஏறி, எஞ்சின் தண்டைக் கம்பியால் கட்டி, ஈய முத்திரை குத்திவிட்டு இறங்கினார். முத்திரை உடையாமல் போய்ச் சேர்ந்தால் பலகையில் பெயர் ஏறும். அந்தப் பலகையில் இதுவரை ஒரு பெண்ணின் பெயரும் கிடையாது. குந்தவைக்கு அந்தப் பலகைமேல் அப்படி ஒரு வெறி.

ஊர்க்காரர்கள் வேறு பலகை வைத்துவிட்டார்கள். தம்பி செந்தில்குமார் கடைத்தெருவில் கட்டிய ஃப்ளெக்ஸைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். அதில் குந்தவை யாரோ ஒருத்தி கல்யாணத்தில் எடுத்த பட்டுப்புடவைப் படத்தில் கைகூப்பி நிற்கிறாள். பின்னால் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஒரு சொகுசுக் கப்பல், நீச்சல் குளத்தோடு. ‘பூமத்திய ரேகையை வெல்லப் புறப்பட்ட எங்கள் கடற்புலியே’ என்று கீழே எழுத்து. அந்தப் படம் எப்படியோ சுற்றிச் சங்கத்து ஆட்கள் கைக்கும் போயிருந்தது. அவர்களில் ஒருவர், அந்த நீச்சல் குளத்தில்தான் ரேகையைத் தாண்டப் போகிறாயா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினார். குந்தவைக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் ஜனங்களை நினைத்து வெட்கப்பட்டாள். தெளிவாகவே சொல்லிவிடலாம், அன்றைக்கு அவள் வெட்கப்பட்டது தன் அப்பாவை நினைத்து.

வியாழக்கிழமை மதியத்துக்கெல்லாம் காற்று செத்துவிட்டது. ரேகைக்குக் கொஞ்ச தூரம் வடக்கே, மன்னார்குடியிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிற தூரம்கூட இல்லாத இடத்தில், படகு நின்றுவிட்டது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. எங்கிருந்தோ வந்த அலை அதைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. பாய் தொங்கித் தொங்கி அறைந்தது. கிழிந்துவிடுமே என்று அதை இறக்கினாள். மேகம் ஒன்று கறுத்ததும் ஏற்றினாள். அது பெய்யாமல் போனதும் மறுபடி இறக்கினாள். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் மினுமினுத்தது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். அந்தப் பக்கத்துக் கடலில் இது சகஜம் என்று அவளுக்குத் தெரியும். தனியாக வந்திருந்தால் பொறுமையாகத்தான் இருந்திருப்பாள். ஊரையே கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்ததுதான் தொந்தரவு.

வெள்ளிக்கிழமை காலையிலும் இலை அசைகிற காற்றுகூட இல்லை. அங்கே இப்போது உளுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு ஜனம் பந்தலில் கூடியிருக்கும். அம்மா அகிலாண்டம் முன்வரிசையில் இருப்பாள். சொந்தக்காரர் செல்லதுரை குற்றம் கண்டுபிடிக்கவென்றே பக்கத்தில் நாற்காலி போட்டிருப்பார். இத்தனை பேர் நடுவில் அப்பா தலைகுனிவாரே என்ற நினைப்பில் குந்தவை உள்ளே இறங்கினாள். எஞ்சின் மூடியைத் திறந்து முத்திரையைப் பார்த்தாள். கம்பியை வெட்டினால் கொஞ்ச நேரத்தில் தாண்டிவிடலாம். வெட்டவில்லை. அந்த மட்டுக்கும் நேர்மையாக இருக்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சொன்னபடி போன் அடித்தது. பின்னால் நாதஸ்வரம், குழந்தைகளின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேல் அஸார் சவுண்ட் சர்வீஸின் ஒலிபெருக்கி இரைச்சல். அப்பா போனை மைக்கில் வைத்துவிட்டார் என்பது அவர் குரல் இரண்டிரண்டாகக் கேட்டதிலிருந்தே தெரிந்தது.

“எப்படிம்மா இருக்க? எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அங்க எப்படி இருக்குன்னு சொல்லும்மா” என்றார்.

தாண்டினாயா என்று அவர் கேட்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“தாண்டிட்டேம்ப்பா” என்றாள். “இப்பத்தான். நீங்க சொன்ன நேரத்துக்கே.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. செயற்கைக்கோள் வழியாகப் போகிற பேச்சு தாமதமாகத்தான் போகும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். அப்புறம் இன்னும் சிலர். தட்டச் சொன்னதால் தட்டுகிற மாதிரி இருந்தது. அப்பா, “சரிம்மா, பத்திரமா போ” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் குந்தவை நினைத்தாள். டீ போட்டுக்கூடக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் செந்தில்குமாரிடமிருந்து உடனே கூப்பிடச் சொல்லி ஒரு செய்தி வந்தது. கூப்பிட்டாள். அவன் சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பேசினான்.

“அக்கா, நெசமாவே தாண்டிட்டியா?”

ஏன் கேட்கிறாய் என்றாள். அவன் மென்று விழுங்கிச் சொன்னான். படகு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி காட்டும். அம்மா தைரியமாக இருக்கட்டும் என்று அந்த இணைப்பைக் குந்தவை அவனிடம் மட்டும்தான் கொடுத்திருந்தாள். அவனோ பெரிய டிவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பந்தல் நடுவில் வைத்து, ரேகைக்குச் சிவப்புக் கோடும் போட்டு, ஊருக்கே காட்டிவிட்டான். ஆசையாக இருந்தது என்றான். காலையிலிருந்து எல்லோரும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி கோட்டைத் தொடாமல் அதற்கு வடக்கேயே நின்றது.

“அப்ப ஏண்டா எங்கிட்ட சொல்லல?” என்று அவள் சீறினாள்.

“சொல்றதுக்கு என்னக்கா இருக்கு? நீ பேசுறதுக்கு முன்னாடியே அப்பா மைக்க வாங்கி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எம்மவ இன்னும் தாண்டல, அங்க காத்து இல்லன்னாரு. நல்லேர் கட்டுறப்ப வயல்ல தண்ணியா இருக்கு, நேரத்துக்குத் தொட்டு வெக்கிறோம், தண்ணி வந்தப்புறம் உழுவுறோம், அது மாதிரி இப்ப கும்பிட்டு வெப்போம், காத்து வந்தா தாண்டிக்குவான்னாரு. எல்லாரும் சரின்னு கும்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஒனக்குப் போன் போட்டாரு.”

சித்திரையில் வருஷத்து முதல் உழவுக்கு அப்பா நல்லேர் கட்டுவது குந்தவைக்குத் தெரியாததா? பாளம் பாளமாக வெடித்த வயலில், குறித்த நேரத்துக்கு, பொட்டு வைத்த டிராக்டரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மேட்டூர் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் தலைகுனிந்ததில்லை. நேரம் மனுஷர் கையில், தண்ணீர் அது வரும்போது. இந்தச் சின்ன விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவள் ஒருத்திதான் மறந்துபோயிருந்தாள்.

“அப்புறம் என்னடா ஆச்சு?”

“செல்லதுரைப் பெரியப்பா எந்திரிச்சு, புள்ளி அங்கயேதான நிக்குதுன்னாரு. அப்பா நேரா போயி டிவிய நிறுத்திட்டாரு. புள்ளிதான் தப்பு, நான் சொன்னதும் தப்பு, எம்மவ பொய் சொல்ல மாட்டான்னுட்டாரு. அம்மா ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“இப்ப அப்பா எங்க?”

“பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்காரு. யார் மூஞ்சியையும் பாக்கல.”

போனை வைத்துவிட்டுக் குந்தவை படகின் தரையில் உட்கார்ந்தாள். முகம் சூடாக இருந்தது. வெயிலால் இல்லை. கொச்சிக்காரர்கள் குத்திய ஈயத்துண்டுக்குக் கொடுத்த மரியாதையை அவள் அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அதைத் தொடாமல் காத்தாள், அவரிடம் வாய் கூசாமல் புளுகினாள். அவர் தலைகுனியக் கூடாது என்று சொன்ன பொய்தான் அவரைத் தலைகுனிய வைத்திருக்கிறது. ஃப்ளெக்ஸைப் பார்த்துத் தான் வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போது இன்னும் வெட்கமாக இருந்தது. அந்தப் பந்தலில் நேர்மையாக இருந்தவர்கள் ஊர் ஜனங்கள்தான். புள்ளியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவளுக்காகக் கைதட்டியவர்களும் அவர்கள்தான்.

ராகு காலம் பிறந்து கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. முதலில் மேற்கே ஒரு மழை இறங்கியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காற்று. குந்தவை எழுந்து பாயை ஏற்றினாள். பாய் உப்பியது, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது. இத்தனை வருஷம் எந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தாளோ அது, திரையில் அட்சரேகை எண்கள் எல்லாம் பூஜ்யமாகி, வடக்கு என்பது தெற்கு என்று மாறி, வந்து போனது. அந்த நேரத்தில் வாய்விட்டுக் கத்த வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தாள். வாய் வரவில்லை. தாண்டிவிட்டேன் என்று யாரிடம் சொல்வது? அதைத்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

சுக்கானைக் கட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பந்தல் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

“அந்தப் புள்ளி காட்டுற மிஷினைக் கொஞ்சம் பாரும்மா, ரிப்பேரு போலருக்கு” என்றார் அவர் எடுத்த எடுப்பில்.

அவர் தனக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார் என்று குந்தவைக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

“புள்ளி சரிதாம்ப்பா” என்றாள். “நான்தான் பொய் சொன்னேன். இப்பத்தான் தாண்டினேன்.”

இந்தத் தடவை வந்த மௌனம் செயற்கைக்கோளால் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“இன்னும் தாண்டலன்னு சொல்லியிருந்தா என்னம்மா ஆயிருக்கும்? வடிச்ச சோறு வேணாம்னு எந்திரிச்சிப் போயிருப்பாங்களா?”

“நீங்க அவமானப்படக் கூடாதுன்னுதாம்ப்பா சொன்னேன்.”

“காத்து அடிக்காததுக்கு எனக்கு என்ன அவமானம்?” அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போயிருந்தார். “மொதல்ல மைக்க வாங்கி நெசத்தச் சொன்னேன். அப்புறம் ஒனக்காக, அதையே பொய்யின்னு சொன்னேன். இன்னொரு தடவ அவங்க முன்னாடி போயி நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. நீ வந்து சொல்லு.”

“வந்து சொல்றேம்ப்பா.”

“அந்தப் பந்தல்லயே, மைக்கு வெச்சு.”

“சரிப்பா.”

அவர் வைத்துவிட்டார். காற்று நன்றாக இருந்தது, படகு நல்ல வேகத்தில் தெற்கே போனது, முத்திரை உடையவில்லை, பலகையில் பெயர் ஏறத்தான் போகிறது. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியும் குந்தவையால் தலையை நிமிர்த்த முடியவில்லை.