மடித்த முனை

வாசல் கதவில் கறுப்பு ரிப்பன் ஒட்டுவதற்காக நெல்சா அப்பாவின் டேப் சுருளை எடுத்தாள். நகத்தால் சுரண்டித் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்து எடுப்பவருக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று முனையைச் சிறிது உள்ளே மடித்துவைப்பது அவர் வழக்கம். ரிப்பனுக்குக் கீழே, போன வாரம் அவர் ஒட்டிய அட்டை அப்படியே இருந்தது: 'பின்னறை வாடகைக்கு. கண்ணாடி, திரைச்சீலை, கொடிக்கம்பி உண்டு. வெந்நீர் உண்டு.'

பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் அறை தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது வெந்நீரைத்தான். அது இல்லாமல் நான்கு மாதம் காலியாகக் கிடந்த அறை. தண்ணீரை அங்கேயே சுடவைக்கும், விலை குறைந்த மின்சார ஷவர் ஒன்றை வாங்கிவந்து மாட்டியவன் தம்பி லிம்பர்ட். நேற்று, ஞாயிறு காலை, அதன் அடியில்தான் அப்பா விழுந்துகிடந்தார். எழுபத்தொரு வயது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் துக்க வீட்டு வழக்கப்படி கொக்கா இலை மென்றுகொண்டிருந்தார்கள். குளிர்மலை ஊரான ஒருரோவிலிருந்து வந்திருந்த ஃபெலிப்பா அத்தை துண்டோடு எழுந்தாள்.

"பஸ்ல வெறச்சுப் போயிட்டேன்டி. எங்கண்ணன் போட்ட வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வர்றேன்."

லிம்பர்ட் ஓடிவந்து மறித்தான். "பின்னால தண்ணி வரல அத்தை."

"அட்டை மட்டும் ஜோரா தொங்குது, தண்ணி வரலயா? நல்ல வீட்டுக்காரங்கடா!"

இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நெல்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று முன்புதான் கொல்லைக் குழாயில் கோப்பைகள் கழுவினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பின்னறைச் சாவியை நேற்றிலிருந்து அவன் பையைவிட்டு எடுக்கவேயில்லை.

அவன் நழுவிப்போனதும் பின்னாலேயே போனாள். பின்னறைக் குளியலறையில், ஷவருக்கு அடியில், திருப்புளியோடு ஸ்டூல்மேல் நின்றிருந்தான்.

"எதைடா மறைக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. நீ போ."

"எர்த் வயர் மாட்டாம விட்டியா? எதைத்தான் நீ முழுசா செஞ்ச?"

"டாக்டர் மாரடைப்புன்னு எழுதிட்டாரு. அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? உனக்கு வசதிதான்!"

அவனை இறக்கிவிட்டு அவளே ஏறினாள். பச்சை எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது.

"நீதான்டா அப்பாவ..."

வெட்டிய நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதன் முனை சிறிதாக, ஒழுங்காக, உள்ளே மடிக்கப்பட்டிருந்தது.

அவள் இறங்கவில்லை. லிம்பர்ட் தரையைப் பார்த்துப் பேசினான்.

"வெள்ளிக்கிழம சரியாத்தான் மாட்டிட்டுப் போனேன். தண்ணிய தொறந்தா கரண்டு ட்ரிப் ஆகுதுன்னு சனிக்கிழம அப்பா ஃபோன் பண்ணாரு. மறுநாள் வந்து பாக்குறேன், கை வைக்காதீங்கன்னேன். பாதிக் குளியல்ல கரண்டு போனா எவன்டா குடியிருப்பான்னாரு. எர்த்த வெட்டிட்டா ட்ரிப் ஆகாது, ஆனா ஷாக் அடிக்கும்."

கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "டேய், தண்ணி வந்துச்சா?"

நெல்சா தம்பியைப் பார்த்தாள்.

"இல்ல அத்தை," என்றாள் உரக்க. "வரல."

இறங்கி, லிம்பர்ட் ஷவரைக் கழற்றி முடிக்கும்வரை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்குப் போய், அட்டையின் ஓரத்தில் மடிந்திருந்த டேப் முனையைப் பிடித்தாள். அட்டை ஒரே இழுப்பில் வந்துவிட்டது.