மழிக்காத முகம்

அய்யாக்கண்ணுவின் தலை நரைத்தது யாருக்கும் தெரியாது. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் தலையில் எந்நேரமும் முண்டாசு இருக்கும். அதற்குள் என்ன நிறம் என்று யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்? மீசையும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கருகருவென்று, முறுக்கினால் நிற்கும். காலை வாரிவிட்டது தாடிதான். ஞாயிற்றுக்கிழமை நாவிதர் வந்து மழித்துவிட்டுப் போனால் திங்கள் வரை தாங்கும். செவ்வாய் விடியும்போது கன்னமெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

வேறு வருஷமாக இருந்தால் பூத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பான். அது ரப்பர் விலை விழுந்த வருஷம். கப்பல்கள் குறைந்தன, மூட்டைகள் குறைந்தன, ஆட்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். காலையில் சரக்குக் கிட்டங்கி வாசலில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். கூலிகளுக்குத் தலைவரான தண்டல் நாகூர் மீரான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவர் விரல் நீட்டினால் அன்றைக்கு வேலை. கிழடு தட்டிவிட்டது என்று பட்டால் விரல் நீளாது. விரல் நீளாதவனை வைத்துக்கொண்டு யார் சோறு போடுவார்கள்? ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். ஊரில் ஆத்தா ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கும் இவன் அனுப்பினால்தான் அடுப்பு எரியும்.

தினம் வந்து மழிக்க எந்த நாவிதரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே வேலை கிடைக்காத ஒரு மத்தியானத்தில், பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்கும் தெருவுக்குப் போனான். முள் இல்லாத கடிகாரத்துக்கும் உடைந்த விளக்குக்கும் நடுவே அந்தச் சவரக்கத்தி கிடந்தது. கைப்பிடி விரிந்து நூலால் கட்டியிருந்தது. அலகில் இங்கிலீஷ் எழுத்து, முதுகில் துருப் பொட்டு. எந்தத் துரையின் தாடையில் ஓடியதோ! கடைக்காரச் சீனர், முதுகை முன்னால் விட்டு அலகைப் படுக்கப்போட்டு உள்ளங்கையில் இழுத்து, "மாச்சாம் இனி லா" என்று மலாயில் சொல்லி, இப்படித்தான் தீட்ட வேண்டும் என்பதைக் காட்டினார். அய்யாக்கண்ணு தலையை ஆட்டினான், ஒன்றும் புரியாமலே.

கத்தியைப் பார்த்ததும் அவன் மனைவி நவமணி முகத்தைச் சுளித்தாள். "வீட்டுக்குள்ள சவரமா? தரித்திரம் வந்து குந்திக்கும்."

"அது வந்து குந்தி ரொம்ப நாளாச்சு புள்ள. கொஞ்சம் சுடுதண்ணி வை."

முதலில் அம்மிக்கல்லில் தீட்டினான். கத்தி அரம் போலாகிவிட்டது. முதல் நாள் அது முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. கண்ணில் நீர் முட்ட, பாதி முகத்தோடு நிறுத்திக்கொண்டான். பிறகு அதே தெருவில் ஒரு வழுவழுப்பான சாணைக்கல்லைத் தேடிப்பிடித்தான். இடுப்பு வார் ஜன்னல் கம்பியில் கத்தியைத் தீட்டும் தோல்வாராகத் தொங்கியது. துணி சோப்பு, கன்னத்துக்கும் சோப்பானது. கத்தியை நிமிர்த்திப் பிடித்தால் வெட்டும், அடியோடு படுக்கவைத்தால் வழுக்கும்; கொஞ்சமாகச் சாய்த்து, மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த போக்கிலேயே போக வேண்டும். இதைக் கன்னம்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது, கீறிக் கீறி. உடைந்த கண்ணாடித் துண்டின் முன் தினமும் இந்தச் சித்திரவதை. முதுகு ஒடிய உழைத்துவிட்டு வருகிற மனிதனுக்கு, விடிந்ததும் முகத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும் என்றால் என்ன பிழைப்பு இது!

ஒரு நாள் அரிசிக் கப்பல். அன்று முழுக்கத் தூக்கிய மூட்டைகளின் வலி மறுநாள் காலையிலும் கையை விடவில்லை. உதட்டோரம் கத்தி வழுக்க, இடது பக்க மீசை சோப்பு நுரையோடு அலகில் வந்தது. அதற்கு ஈடாக வலது பக்கத்தைக் குறைத்தான். பிறகு இடது பக்கத்தை. கடைசியில் ஈடு செய்ய மீசையே இல்லை.

நேரமாகிவிட்டது. ஓடிப்போய் வரிசையில் நின்றான். சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெற்றவர்கள் போனாலொழிய அவன் ஆட்கள் யாரும் மீசையில் கை வைக்க மாட்டார்கள்.

தண்டல் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "யாருப்பா, தகப்பனா?"

பக்கத்தில் நின்ற ராமதாஸ் முந்திக்கொண்டான். "அவருக்கு அப்பன் சின்ன வயசிலயே இல்லீங்க, தண்டல்."

"அப்ப தாயா?"

இல்லை என்றால், மீசை எங்கே என்பார். கத்தி வழுக்கியது என்றால், உனக்கு எதற்குக் கத்தி என்பார். நரையை மறைக்க என்று எந்த வாயால் சொல்வது? உயிரோடு இருக்கிற ஆத்தாவைச் செத்தாள் என்றுதான் எந்த வாயால் சொல்வது? அய்யாக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. தலை மட்டும் ஆடிவிட்டது.

"உங்க மொறைக்கு வீட்டுல உக்காரணுமே?"

"உக்காந்தா சோறு யாருங்க போடுவா?"

தண்டல் அவன் தோளைத் தொட்டார். "தாய எழந்தவன் வயித்துல நான் அடிக்க மாட்டேன். போ, மூட்டையத் தூக்கு." விரல் நீண்டது. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவனைக் கண்டால் விரல் தயங்கியதே இல்லை.

நவமணி கேள்விப்பட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கற அத்தைய சாகடிச்சுட்டு வந்திருக்கீங்களே, நீங்க மனுசன்தானா?" அந்தப் பாவத்தில் கிடைத்த கூலியில்தானே ஆத்தாவுக்குப் பணம் போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். மனது ஒப்பவில்லை. கருகருவென்றிருந்த மீசையும், வளர விட்டுப் பார்த்தால், இம்முறை வெள்ளையாகவே முளைத்தது. தாடியோடு சேர்த்து அதையும் தினம் மழித்தான். ஊரில் காரியம் முடிந்திருக்கும், இவன் வருஷத் துக்கம் காக்கிறான், நல்ல பிள்ளை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கூசிப்போனான்.

மளிகைக்கடை முகம்மது சுல்தான் ஊருக்குப் புறப்பட்டபோது, ஆத்தாவுக்கென்று ஒரு நூல் சேலை வாங்கி அவரிடம் கொடுத்தனுப்பினான். அடுத்த மழைக்காலத்தில் சுல்தான் திரும்பினார். இறங்கிய அன்றே வீட்டுக்கு வந்து, மடிப்புக் கலையாத அந்தச் சேலையை அவன் கையில் வைத்தார்.

"ஒங்க ஆத்தா போயிட்டாங்க, தம்பி. நான் போய்ச் சேர்றதுக்கு முந்துன நாள்தான் எடுத்திருக்காங்க. கொடுக்க ஆளில்ல."

அவன் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து மீசையை எடுக்க வேண்டும். மேல் உதட்டைத் தடவிப் பார்த்தான், காலையில்தான் மழித்திருந்தான். பெற்றவளுக்கென்று எடுக்க அவன் முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. துறைமுகத்தில் யாரிடமும் சொல்லி அழவும் வழியில்லை. அவர்கள் துக்கம் விசாரித்து முடித்தாகிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. காரியம் முடியும்வரை துக்கக்காரன் முகத்தில் கத்தி படக் கூடாது.

மறுநாள் விடிந்ததும் நவமணி வழக்கம்போலச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதில் முகத்தை மட்டும் கழுவினான். அவள் கத்தியை எடுத்துப் பரணில் போட்டாள்.

முதலில் தண்டல் பார்த்தும் பாராதவர்போல விரலை நீட்டினார். ஆனால் ஒளிக்க முடியாதபடி வெள்ளை வளர்ந்தது. ஒரு நாள் அவன் எதிரே நின்றுவிட்டார்.

"என்ன அய்யாக்கண்ணு, இப்படி வந்து நின்னா நான் எப்படிலா விரல் நீட்டுறது? மேல இருந்து தொரை பாக்குறாரு. கத்தி தொலைஞ்சிருச்சா?"

"இருக்குங்க. துக்கம்."

"யாருக்கு?"

"ஆத்தாவுக்கு."

"அது போன வருசமே..."

"இல்லீங்க தண்டல். அப்ப உசுரோட இருந்தா. இப்பத்தான் செத்தா."

நாகூர் மீரான் அந்த வெள்ளைத் தாடியையே வெகு நேரம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளிடம் போய் விரலை நீட்டினார்.

அய்யாக்கண்ணு வரிசையை விட்டு விலகினான். கிட்டங்கிச் சுவரோரம் உட்கார்ந்து முண்டாசை அவிழ்த்தான். தலை முழுக்க வெள்ளை. அதை யார் பார்த்தால் என்ன என்றிருந்தது. துணியை முகத்தில் பொத்திக்கொண்டு, ஆத்தா ஆத்தா என்று வாய்விட்டு அழுதான்.