முள் பாதிக்கு வந்தபோது

சேஷனின் காருக்குச் சூடு போதவில்லை.

பதினொரு வருடமாக வெப்ப முள் கீழ்க்கோட்டை விட்டு எழுந்ததில்லை. மே மாதத் திருவனந்தபுரத்தில் இதை ஒரு குறையாகச் சொன்னபோது அவர் குடியிருந்த கரமனையில் யாரும் காது கொடுக்கவில்லை. சேஷன் வண்டியின் கையேட்டைப் படித்தார். தெர்மோஸ்டாட் கெட்டிருக்கலாம் என்று அதில் இருந்தது. என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் சின்ன வால்வு. கோயம்புத்தூரில் சொல்லிப் புதிதாக ஒன்று வரவழைத்தார்.

கூரியர் வந்தது மீனுவின் கல்யாணத்துக்கு முதல் நாள்.

மீனு அவர் தங்கை பெண். கல்யாணம் நாகர்கோவிலில். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டியவர் தாய்மாமன். மாப்பிள்ளைக்கு ஐந்து மாமன்கள். மீனுவுக்கு சேஷன் ஒருவர்தான்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு நாம இருக்க வேண்டாமா?" என்றாள் அவர் மனைவி நாகலக்ஷ்மி.

"அரை மணி வேலை."

வாசலில் கார் நின்றது. அவர் ரேடியேட்டரை வடித்தார். குழாயைக் கழற்றினார். பத்தாம் நம்பர் ஸ்பானரால் இரண்டு போல்ட். மூடியை எடுத்து உள்ளே பார்த்தார். வால்வு கெட்டிருக்கவில்லை. வால்வே இல்லை.

மெக்கானிக் தங்கப்பனுக்குப் போன் செய்தார்.

"அத ஞான் அன்னிக்கே எடுத்து எறிஞ்சல்லோ ஸ்வாமி."

"என்னிக்கு?"

"வண்டி வாங்கின வருஷம். நம்ம நாட்டுக்கு அது எதுக்கு?"

பழைய கேஸ்கெட் அட்டையைப் பிளேடால் சுரண்டி, புதிய வால்வை வைத்து, மூடி முறுக்கி, பச்சைக் கூலண்ட் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை ஓடவிட்டபோது மாலை ஆறு மணி. நாகர்கோவிலில் மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டுவிட்டதாகத் தங்கை போனில் சொன்னாள்.

"காலம்பற எட்டரைக்கு மாலை மாத்தறது. நீ இல்லேன்னா அவாத்து மாமா ஒருத்தர் தூக்கறேங்கறார். மீனு அழறாள்."

"எட்டுக்கே வந்துடுவேன்."

காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். பாப்பனங்கோட்டில் முள் அசைந்தது. நேமத்தில் எழுந்தது. பாலராமபுரத்தில் சரியாகப் பாதியில் வந்து நின்றது. சேஷனுக்குக் கண் நிறைந்தது.

நாகலக்ஷ்மியும் பார்த்தாள்.

"ஏன்னா, நிறுத்துங்கோ!"

"அது பாதியிலதான் இருக்கணும்."

"பதினோரு வருஷமா படுத்துண்டிருந்தது. இப்ப எழுந்து நிக்கறது. நிறுத்துங்கோன்னா. நான் குதிச்சுடுவேன்."

அவள் கதவைத் திறந்தேவிட்டாள். அவர் நிறுத்தினார்.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே நின்றது தவறு. ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் ரதீஷ் என்பவன் கேட்காமலே பானட்டைத் தூக்கினான்.

"எப்பத் தொட்டு இந்தச் சூடு?"

"நேத்து தொட்டு. தெர்மோஸ்டாட் மாத்தினேன்."

"ஆரு மாத்தினது?"

"நானே."

ஐவரும் என்ஜினை விட்டு அவரைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் "ஆ" என்றார்.

ரதீஷ் தோள் துண்டை எடுத்து ரேடியேட்டர் மூடியில் வைத்தான்.

"தொறக்காதே. எந்த வண்டியானாலும் சூட்டுல தொறந்தா பீச்சும்."

"பீச்சும்னா சூடு இருக்குன்னுதானே ஸ்வாமி அர்த்தம்?"

திறந்தான். பச்சைத் தண்ணீர் மரக்கிளை உயரத்துக்குப் போய் சேஷனின் மயில்கண் வேஷ்டியில் இறங்கியது.

"கண்டோ?" என்றான் ரதீஷ். எல்லோரும் கண்டார்கள். நாகலக்ஷ்மி கையைக் கூப்பினாள், உயிர் பிழைத்ததற்கு.

இனி வண்டி ஆறி, தண்ணீர் ஊற்றி, குமிழி எடுக்க ஒரு மணி நேரம் வேண்டும். மணி ஆறேகால். நாகர்கோவில் பஸ் வந்தது. சேஷன் காரைப் பூட்டிவிட்டு ஏறினார்.

பஸ்ஸில் நாகலக்ஷ்மிக்கு முன் ஸீட் கிடைத்தது. அவர் டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். எட்டேகாலுக்குப் போய்விடலாம். பேசாமல் இருந்திருக்கலாம். அமரவிளை தாண்டும்போது டிரைவரின் முன்னால் இருந்த வெப்ப முள்ளைப் பார்த்தார். சரியாகப் பாதி.

"நாகு, இங்க பார். எங்க இருக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தலைக்கு மேலிருந்த மணிக்கயிற்றை மூன்று தடவை இழுத்தாள்.

பஸ் நின்றது.

"என்னம்மா?" என்றார் டிரைவர் சுவாமிதாஸ்.

"இதுவும் பாதில நிக்கறது. எங்க வண்டி இப்பத்தான் வெடிச்சுது."

"அது பத்து வருசமாட்டு அங்கதாம்மா நிக்குது. ஓடாத மீட்டர்."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்போ பத்து வருஷமா சூடாட்டா ஓடுது?"

ஏதோ கருகுவதாக ஒரு பெண் சொன்னாள். தனக்கும் வாடை வருகிறது என்றார் இன்னொருவர். குழந்தைகளை முதலில் இறக்கினார்கள். பிறகு மூட்டைகளை. கண்டக்டர் சமாதானம் சொல்லக் கீழே இறங்கி, மேலே ஏறத் தயங்கினார். நாற்பது பேர் சாலையோரம் நின்று பஸ்ஸைப் பார்த்தார்கள்.

உள்ளே சேஷன் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இறங்குங்கோன்னா!"

"நான் தூக்கணும் நாகு. நீ வா."

"எனக்கு உசிரு முக்கியம்."

"அடுத்த பஸ்ல வந்துடு."

சுவாமிதாஸ் திரும்பி அவரைப் பார்த்தார். "வே, ஒமக்கு பயம் இல்லியா?"

"எடுங்கோ. எட்டரைக்கு மாலை மாத்தறா."

பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் ஓடிவந்து படியில் தொற்றினார். பாறசாலையில் ஏறியவர்களுக்கு எதுவும் தெரியாது. வசதியாக உட்கார்ந்து வந்தார்கள்.

எட்டு இருபத்தெட்டுக்கு மண்டபத்துக்குள் நுழைந்தார். மாப்பிள்ளையை நான்கு மாமன்கள் ஏற்கெனவே தூக்கியிருந்தார்கள். ஐந்தாமவர் மீனுவின் பக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். சேஷன் அவரை விலக்கி, குனிந்து, மீனுவைத் தூக்கினார். முழங்கால் சொடுக்கியது. நிமிர்ந்து நின்றுவிட்டார்.

"வேஷ்டி என்ன பச்சை?" என்றாள் தங்கை. "மன்னி எங்கே?"

இடுப்பில் போன் அடித்தது. தங்கை அதை உருவி அவர் காதில் வைத்தாள்.

"ஏன்னா, இன்னொரு பஸ் வந்திருக்கு," என்றாள் நாகலக்ஷ்மி. "இதுல முள்ளே இல்லை. இருந்த இடத்துல ஓட்டைதான் இருக்கு. ஏறலாமா?"

மாப்பிள்ளையைத் தூக்கியிருந்த மாமன்கள் நால்வரும் குதிகாலை உயர்த்தினார்கள். மீனுவின் மாலை மாப்பிள்ளையின் கழுத்துக்கு அரை அடி எட்டவில்லை.

"மாமா, இன்னும் கொஞ்சம்," என்றாள் மீனு.

"ஏறு," என்றார் சேஷன் போனில். பிறகு மூச்சைப் பிடித்து எம்பினார்.