செலினாவுக்குத் தெரிந்திருந்தது

செலினா இறந்து மூன்று மாதம் கழித்துத்தான் ஈனாக்குக்கு அந்த விஷயம் தெரியவந்தது.

ஈனாக் கல் அடுக்கி வேலிச்சுவர் கட்டுகிறவன். இங்கிலாந்தின் யார்க்ஷயரில், ஹார்கில் மேட்டில் ஆட்டு நிலங்களைப் பிரிக்கும் சுவர்களில் பாதி அவன் கை பட்டவை. ஐம்பது வயது, பிள்ளை கிடையாது. ஜனவரியில் மனைவி செலினாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதே நாளில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாளே சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். யார் முன்னாலும் அழவில்லை. தனியாக இருக்கும்போதும் அழுகை வரவில்லை.

ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி மதியம் கெசையா மேடேறி வந்தாள். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிப்பவரின் தங்கை அவள். செலினாவுக்குச் சின்ன வயதுச் சிநேகிதி.

“ஈனாக், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா திட்டுவே. திட்டிக்கோ.”

“கல்லு விழும், தள்ளி நில்லு.”

அவள் தள்ளி நிற்கவில்லை. “போன வருஷம் மாற்குத் திருநாளுக்கு முந்தின ராத்திரி நானும் செலினாவும் கோயில் வாசல்ல காத்திருந்தோம்.”

ஈனாக்கின் கை நின்றது. அந்த ராத்திரி கோயில் வாசலில் விழித்திருந்தால், அடுத்த ஒரு வருஷத்துக்குள் சாகப்போகிறவர்களின் உருவங்கள் வரிசையாக உள்ளே போவதைப் பார்க்கலாம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. போகிறவர்கள் உண்டு. பார்த்ததை வெளியே சொல்கிறவர்கள் குறைவு.

“விளையாட்டாத்தான் போனோம். சிரிச்சுக்கிட்டே போனோம். முதல்ல மாவு மில் கிழவர் உள்ள போனார். அப்புறம் பச்சைச் சால்வை போத்திக்கிட்டு ஒருத்தி வந்தா.” கெசையாவின் குரல் உடைந்தது. “அதே சால்வையைப் போத்திக்கிட்டு செலினா என் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அவளை அவளே பாத்தா, ஈனாக்.”

அவன் கல்லின்மேல் உட்கார்ந்தான். போன கோடைகாலம் முழுவதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. திடீரென்று செலினா அவனுக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தாள். ‘என்னை என்ன சமையல்காரனா அனுப்பப் போறியா?’ என்று கிண்டல் செய்தான். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். குளிர்காலத்துக்கு ஏழு ஜோடிக் காலுறை பின்னினாள். ஒருநாள் வேலைக்கு விடாமல் ரயிலேற்றி விட்பி கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

“எனக்கு ஏன் யாரும் சொல்லலை?”

“சத்தியம் வாங்கிட்டா. ‘அவனுக்குத் தெரிஞ்சா இன்னைலேருந்தே துக்கம் காக்க ஆரம்பிச்சிடுவான். எனக்கு அவன் சிரிச்சுக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு இருக்கணும்’னா. இத்தனை நாள் பொறுத்தேன். இனி முடியலை.”

அவன் கல்லைவிட்டு எழுந்தான். “நாளைக்குத்தானே அந்த ராத்திரி? நான் போறேன்.”

“செத்தவங்க அங்க வர மாட்டாங்க. சாகப்போறவங்கதான் வருவாங்க.”

“அதுக்குத்தான் போறேன்” என்றான் ஈனாக்.

மறுநாள் வேலை ஓடவில்லை. மூன்று மணிக்கே கோயில் வாசல் மண்டபத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். மழை பெய்துகொண்டிருந்தது. கல்லறைகளுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்தன. அவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஈரத்துல உக்காந்திருக்கியே, கிழட்டுக் கழுதை.”

பக்கத்தில் செலினா உட்கார்ந்திருந்தாள். அந்த மழையிலும் சால்வை நனையவில்லை. அவனுக்குப் பயம் வரவில்லை.

“வந்துட்டியா?”

“நீ இப்படி வந்து உக்காந்தா நான் எப்படி நிம்மதியாக் கிடக்கிறது?”

“ஒன்பது மாசம்டி. தனியா சுமந்திருக்கே.”

“தனியாவா? நீ கூடவேதான் இருந்தே. விட்பில நண்டு உன் விரலைக் கவ்வினப்போ போட்டியே ஒரு கூச்சல், கப்பல்காரங்களெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அன்னைக்கு எனக்கு எல்லாமே மறந்துபோச்சு.” சிரித்தாள். அதே சிரிப்பு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

“ராத்திரி வரைக்கும் இருந்து, அந்த வரிசையில என்னையும் பாத்துட்டுப் போறேன், செலினா. இந்த வருஷமே நானும் வருவேனான்னு தெரியணும்.”

சிரிப்பு நின்றது. “வேண்டாம். என்னை நானே பாத்ததுக்கு அப்புறம் அதை மறந்த நாள் அந்த ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் நீ வாசல்ல பூட்ஸைக் கழட்டுற சத்தம் கேக்கும்போதே, இன்னும் எத்தனை தடவை கேப்பேன்னு மனசு எண்ணும். அந்தக் கணக்கு உனக்கு வேண்டாம்.”

“உனக்கு என் நாள் தெரியுமா?”

“தெரியும்.”

“சீக்கிரமா?”

“நான் என்னைக்காவது ரகசியத்தை வெளிய விட்டிருக்கேனா?”

அவனையும் அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவன் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினான். அவள் அவசரப்படுத்தவில்லை. அவன் கைமேல் கை வைத்தாள். கனமே இல்லை, இளஞ்சூடு மட்டும். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து நடந்தான். வெளிக் கதவருகே கெசையா எதிரே வந்தாள். கையில் லாந்தர், இடுப்பில் ஒரு மூட்டை.

“உன்னைத் தனியா உக்கார விடுவேனா? கறி வச்ச ரொட்டி கொண்டாந்திருக்கேன்.”

“வீட்டுக்குப் போவோம், வா.”

“பாக்கலையா?”

“பாக்க வேண்டியவளைப் பாத்துட்டேன்.”

கெசையாவின் முகம் வெளுத்தது. அவன் அழுத கண்களை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “சத்தியத்தை மீறிட்டேனே. என்மேல கோவமா இருந்தாளா?”

செலினா கெசையாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஈனாக் அவள் கையிலிருந்த லாந்தரை வாங்கிக்கொண்டான்.

“கோவமா? ‘கெசையா மழையில வந்து நிப்பா, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா’ன்னு சொல்லி அனுப்பினா.”

கெசையா அங்கேயே நின்று அழுது தீர்த்தாள். அவன் காத்திருந்தான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஈனாக் உயிரோடு இருந்தான். அது பொய் என்று கடைசி வரை அவளிடம் சொல்லவில்லை.