சூசைநாதன் இருக்கையின் முதல் பாடம்

விருத்தாசலத்தில் பீங்கான் ஃப்யூஸ் செய்து பெரிய ஆளானவர் சூசைநாதன். பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறைக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் காலமான பிறகு, குடும்பம் கொடுத்த நிதியில் அவர் பெயரிலேயே அங்கே ஒரு பேராசிரியர் பதவி, ‘இருக்கை’ என்பார்களே அது, அமைந்தது. அதற்கு முதல் ஆளாகத் தேர்வானவள் கயல்விழி. அவளும் விருத்தாசலத்துக்காரிதான்.

செய்தி கேட்டதும் அவள் அப்பா பச்சமுத்துவின் முகம் இறுகிவிட்டது.

"அந்தாளு பேரையா உன் பேரோட போட்டுக்கப் போற?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சூசைநாதனின் சூளையில் வாலிபம் முழுக்க வெந்தவர். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்கியது. ஏன் என்று சொல்லக்கூட ஆளில்லை. அப்புறம் வேப்பூர் ஹைவே ஓட்டலில் புரோட்டா போட்டுத்தான் மகளைப் படிக்க வைத்தார்.

"அதத்தான்ப்பா மொதல் பாடமா நடத்தப் போறேன்" என்றாள் கயல்விழி.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இருக்கையின் தொடக்க உரைக்கு அவள் கொடுத்த தலைப்பைப் பார்த்ததும் துறைத் தலைவர் கோகுலகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவங்க குடும்பமே முன்வரிசையில உக்காந்திருக்கும். அன்னைக்குப் போயி அவரு ஃபேக்டரிய மூடுன கதையா? வேற கம்பெனிய எடுத்துக்கங்க."

"இத மறைச்சிட்டு வேற எதைப் பேசுனாலும் பொய்யாயிடும் சார்."

"குடும்பம் ஒத்துக்காதும்மா."

"நானே போயிக் கேக்கறேன்."

சனிக்கிழமை விருத்தாசலத்துக்குப் பஸ் பிடித்தாள். சூசைநாதனின் மகள் கிரேசி அதே ஃபேக்டரியின் ஒரு பகுதியைத் திறந்து, மின்கம்பத்துக்கான பீங்கான்களைச் செய்துகொண்டிருந்தார். ஆபீஸ் மேசை வரைக்கும் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. கயல்விழி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். தான் பச்சமுத்துவின் மகள் என்பதையும் சொன்னாள்.

கிரேசியின் குரல் கடினமாயிற்று. "எங்கப்பா பேர்ல சம்பளம் வாங்கிக்கிட்டு அவரையே குத்தம் சொல்லப் போறீங்களா?"

"அவரு எடுத்த முடிவ அலசப் போறேங்க. கேக்க வர்றவங்க நாளைக்கு ஃபேக்டரி நடத்தப் போற புள்ளைங்க. தெரிஞ்சிக்கணும்."

"நான் வேணாம்னா?"

"இருக்கைய விட்டுடறேன். ஆனா பாடத்த விட மாட்டேங்க. வேற எடத்துல நடத்துவேன்."

கிரேசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கயல்விழி எழுந்திருக்கவில்லை. கடைசியில் கிரேசியே பேசினார்.

"ஃப்யூஸுக்குப் பதிலா பிளாஸ்டிக் சுவிட்சு வந்ததும் ஆர்டரெல்லாம் நின்னுபோச்சு. ஆளுங்க மூஞ்சில முழிக்க முடியாம, திட்டக்குடியில அத்த வூட்டுல போயி படுத்துக்கிட்டாரு. யாருக்கும் தெரியாது இது."

"இதையும் சொல்லணும். நீங்களே வந்து சொன்னா நல்லாருக்கும்."

"வரேன்னு சொல்ல மாட்டேன். நீங்க பேசுங்க."

உரையன்று அரங்கம் நிறைந்திருந்தது. கிரேசி ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்தார். கயல்விழி பூட்டிய கேட்டில் தொடங்கினாள். குரலை உயர்த்தவுமில்லை, எதையும் பூசி மெழுகவுமில்லை. முடித்ததும் ஜெனிபர் என்ற மாணவி எழுந்தாள்.

"மேடம், அன்னைக்கு அவரு என்ன செஞ்சிருக்கணும்?"

கயல்விழி வாயைத் திறப்பதற்குள் கிரேசி மைக்கை நோக்கி நடந்து வந்தார். முன்வரிசையில் கோகுலகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுல வந்து நின்னு, முடியலப்பான்னு சொல்லியிருக்கணும்" என்றார் கிரேசி. "பயந்துட்டாரு. அவரு பொண்ணு நான் சொல்றேன்."

உரைக்கு வர மறுத்திருந்த பச்சமுத்துவுக்குக் கயல்விழி போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"கேட்டுக்கு வெளிய நின்னவங்க என்ன பாடுபட்டோம்னு யாரு சொல்றது?" என்றார் அவர். "அடுத்த கிளாஸு எப்பன்னு சொல்லு. நான் வரேன்."